திருகோணமலைப் பழைய வீட்டில் கிடைத்த, தண்ணீரில் மூழ்கும் கறுத்த மரத்துண்டு கருங்காலியா?

பின்வளவுக் கொட்டிலில் அகப்பட்ட ஒரு முழத் துண்டு, கரும்பழுப்பு நிறம், வாளித் தண்ணீரில் இட்டதும் அடியில் போய்த் தங்கியது, ஒரு முகம் மட்டும் நீளவாக்கில் உட்குழிவாகச் சீவப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கருங்காலியாக இருக்கலாம் என்பது உங்கள் ஊகம். மரக்காலையில் பல மரங்களைக் கையாள்கிறவன் என்ற முறையில் நான் அந்த உட்குழிவைத்தான் முதலில் பிடித்துக்கொள்வேன்.

மூழ்குவது கருங்காலிக்குச் சான்றாகாது. நன்கு உலர்ந்த கருங்காலியின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால், ஒரு துண்டு மூழ்கும், இன்னொன்று மிதக்கும். நம் காடுகளில் பழம் பொறுக்குகிற பாலை மரமும் மூழ்கக்கூடியதுதான். ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போட்டதும் அதைத்தான். நிறத்தையும் நம்பமுடியாது. புளியின் வைரம், அதாவது முதிர்ந்து இறுகிய மரப்பகுதி, கருஞ்சிவப்பாக இருக்கும். முதிர்ந்த பனையின் வெளிவைரம் கறுத்திருக்கும். இவை போதாதென்று சாதாரண மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கருங்காலி மாலை மோகம் பரவியபின் கறுத்ததெல்லாம் கருங்காலியாக விலைபோகிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே துண்டின் ஒரு முனையை, வாளால் அறுத்த சொரசொரப்போடு விடாமல், கூரிய உளியால் மெல்லிய சீவல் எடுத்து மழமழப்பாக்குங்கள். அந்த இடத்தைச் சற்று ஈரமாக்கி, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகள் மட்டும் சிதறிக் கிடந்து, வளையமோ, நடுவிலிருந்து வெளியே ஓடும் கோடுகளோ இல்லையென்றால் அது பனை அல்லது பனைக் குடும்பத்து வேறொரு மரம். மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. நுண்துளைகள் தனித்தும் இரண்டு மூன்றாக ஒட்டியும் நின்று, அவற்றுள் கறுப்புப் பிசின் அடைத்திருந்தால் கருங்காலியை நினைக்கலாம். அதே துளைகள் நீண்ட சங்கிலிகளாக வெளிநோக்கி வரிசையிட்டிருந்தால் பாலை.

இம்மூன்றிலும் அடங்காமல், துளைகள் மிகச் சிறியனவாய் ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றால், நான் சந்தேகிப்பது நம் காடுகளில் விளையாத லிக்னம் வைட்டே என்னும் கரீபியப் பகுதி மரத்தை. 1854இல் ஜான் பென் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காப்புரிமை பெற்ற முறைப்படி, கப்பலின் சுழல்விசிறித் தண்டைத் தாங்கும் குழாயின் உட்புறத்தில் இம்மரத்தில் அறுத்த நீளச் சட்டங்களை வரிசையாகப் பதித்தார்கள். மரத்துக்குள் ஊறியிருக்கும் பிசினும் கடல்நீருமே மசகாகிவிடுவதால் எண்ணெய் வேண்டியதில்லை. வட்டத் தண்டைச் சூழ்ந்திருக்க வேண்டிய சட்டத்துக்கு ஒரு முகம் உட்குழிவாகத்தானே இருக்கும்? பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளம் வைத்திருந்த துறைமுகத்தின் ஓரத்து வீடொன்றில் அப்படி ஒரு துண்டு ஒதுங்கியிருப்பது வியப்பன்று.

இதை உறுதிசெய்ய, தளபாடம் செய்கிறவர்கள் அவ்வளவாகக் கைக்கொள்ளாத ஒரு வழி உண்டு. உலர்ந்த துண்டைக் கிராம் கணக்கில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் வாளியைத் தராசில் வைத்து, துண்டை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாக அமிழ்த்திப் பிடியுங்கள். அப்போது தராசு கூடுதலாகக் காட்டும் கிராம்தான் துண்டின் கனசென்டிமீற்றர் அளவு. முதல் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வரும். விடை 1.2ஐத் தாண்டினால் கருங்காலியையும் புளியையும் பெரும்பாலும் கைவிட்டுவிடலாம். பாலைக்கும் அவ்வளவு கனம் வருவது அரிது. லிக்னம் வைட்டேயின் சீவல் விரலில் மெழுகுபோல் வழுக்கும், தேய்க்கும்போது நறுமணம் எழும், புதிதாய்ச் சீவிய இடம் வெளிச்சத்தில் நாளடைவில் பச்சை சாயும். கருங்காலியில் இவற்றுள் எதுவும் இராது.

தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள். கருங்காலித் தூளும் இத்தூளும் சிலருக்குத் தோல் எரிச்சலைக் கொடுக்கும். பிடியோ கொட்டாப்புளியோ செய்ய எண்ணினால், பிசின் கசியும் மரத்தில் பசை எளிதில் பிடிக்காது என்பதால் ஒட்டும் முகத்தை முதலில் அசற்றோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். உளியால் சீவிய முனையின் படத்தையும் இரண்டு எடைகளையும் இங்கே இட்டால் மேற்கொண்டு சொல்கிறேன்.