ஜீப் கேள்வி பதில்: ஏற்றத்தில் கொதிப்பு, இறக்கத்தில் பிரேக்

கேள்வி: என்னுடையது 1990ஆம் ஆண்டு பஜிரோ, 2.5 லீற்றர் 4டி56 டீசல் இஞ்சின். நாலு பேரும் கூடாரச் சாமானுமாகக் கினிகத்தேனையிலிருந்து ஏறினால் சூட்டு முள் சிவப்பைத் தொடுகிறது. தேர்மோஸ்டேட்டைக் கழற்றி வீசச் சொல்கிறார் கராஜ்காரர். செய்யலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம். இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தேர்மோஸ்டேட். அது இல்லாவிட்டால் மலைக்குளிரில் இஞ்சின் உரிய சூட்டுக்கே வராது. டீசல் சரியாக எரியாது, சிலிண்டர் தேயும். ஏற்றத்தில் கொதிப்பதற்கான காரணமும் அப்படியே இருக்கும்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். பலரும் கடைசியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி அந்தக் கொதிநிலையை 115 பாகைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது. றப்பர் காய்ந்து வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. கொழும்பில் ஓடும்போது தெரியாத கோளாறு மலையில் வெளிப்படுவது இதனால்தான்.

அடுத்தது விசிறி. சூடான இஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைக் கையால் சுற்றுங்கள். இழுத்துப் பிடிப்பதுபோல் கனமாகச் சுற்ற வேண்டும். தட்டிவிட்டதும் தானாகச் சுழன்றுகொண்டே இருந்தால் நடுவிலுள்ள ஹப்பில் விசிறியைப் பிடித்துச் சுழற்றும் சிலிக்கோன் ஒயில் போய்விட்டது. ரேடியேட்டர் இடுக்குகளில் அடைத்த சேற்றையும் புல்லையும் இஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். உள்ளே ஆற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். கூலன்டும் வடித்த நீரும் சரிபாதி ஊற்றுங்கள்.

தேர்மோஸ்டேட்டைச் சோதிக்க, நூலில் கட்டிப் பானைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று அச்சிட்டிருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். முழுதாகத் திறக்க 95 பாகை வரை தேவைப்படலாம். மேட்டு ஊர்களில் பானைத் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே பாதி திறந்ததைப் பார்த்துப் பழுது என்று எறிந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தண்ணீர் குறைகிறதென்றால், குளிர்ந்த இஞ்சினின் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் (இஞ்சின் கட்டைக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள தகடு) போயிருக்கும், அல்லது ஹெட்டே வெடித்திருக்கும். ஒருமுறை கொதித்த 4டி56 ஹெட் வால்வுகளுக்கு நடுவே வெடிப்பது தெரிந்த சங்கதி. புதுக் கேஸ்கட் வாங்குமுன் ஹெட்டை அழுத்தச் சோதனைக்குக் கொடுங்கள்.

வழியில் முள் ஏறினால் உடனே இஞ்சினை அணைக்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் 1,500 சுற்றில் ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். ஆவி கிளம்பிவிட்டால் மட்டும் அணைத்துவிடுங்கள். சூடு ஆறும்வரை மூடியில் கை வைக்கவே கூடாது.

கேள்வி: ஃபோர் வீலில் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டினால் திருப்பங்களில் ஸ்டியரிங் இறுகுகிறது. பிறகு லீவர் டூ வீலுக்கு வர மறுக்கிறது. கியர் பெட்டியில் கோளாறா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: கோளாறு இல்லை, ஓட்டும் இடம்தான் தவறு. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. பழைய ஜிம்னி, சீரிஸ் லாண்ட் ரோவர் போன்றவற்றில் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நடு டிஃப்ரன்ஷியல் (முன், பின் தண்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. சேற்றிலும் சரளையிலும் டயர் சறுக்கி ஈடுகட்டிவிடும். காய்ந்த தாரில் சறுக்க வழியில்லாமல் முழு முறுக்கும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறுகிறது, கடைசியில் ஏதாவதொன்று உடையும். லீவர் இறுகிவிட்டால் நேராகச் சில மீற்றர் பின்னால் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்து லீவர் வந்துவிடும். சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் அமைப்புள்ள பஜிரோவில் நடு டிஃப்ரன்ஷியல் உண்டு. அதைப் பூட்டாத ஃபோர் வீல் நிலையில் தாரிலும் ஓட்டலாம்.

கேள்வி: செங்குத்தான தோட்டப் பாதையில் இறங்கும்போது பிரேக் கருகி மணக்கிறது, பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது.
- வாசகர், அப்புத்தளை

பதில்: பெடல் அமுங்கினால் பிரேக் ஒயில் கொதிக்கிறது என்று அர்த்தம். அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய டொட் 3 தர ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை, ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டொட் 4 போட்டால் இன்னும் நல்லது.

இறக்கம் தொடங்குமுன் நின்று, ஃபோர் வீல் லோவில் (மெதுவாக, வலுவாக ஓடும் கியர் வரிசை) முதலாம் அல்லது இரண்டாம் கியர் போட்டு, பிடிமானத்தை இஞ்சினிடம் விடுங்கள். கிளச்சை மிதிக்காதீர்கள். டீசல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்து இறங்குவது உயிருக்கே ஆபத்து. பெடல் மிதிக்கு வலுச் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப் இஞ்சினோடுதான் ஓடுகிறது. 4டி56இல் அது ஓல்டர்னேட்டரின் பின்னால் பொருத்தியிருக்கிறது. ஃபேன் பெல்ட் அறுந்தால் தண்ணீர் பம்ப், சார்ஜ், பிரேக் உதவி மூன்றும் ஒன்றாகப் போகும். மாற்றுப் பெல்ட்டும் அதைப் பொருத்தத் தேவையான ஸ்பனரும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: ஓடையைக் கடந்து வந்த பிறகு எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், மஸ்கெலியா

பதில்: அச்சின் நடுவிலுள்ள டிஃப்ரன்ஷியல் பெட்டியின் ஒயிலை. சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும். மேலேயுள்ள மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். மறுநாள் காலை, வண்டியை அசைக்குமுன், கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்குவதால் முதலில் சொட்டுவது அதுதான். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் முழுவதையும் வடித்து 80டபிள்யூ-90 ஜீஎல்-5 கியர் ஒயில் ஊற்றுங்கள். வடிக்குமுன் ஒயில் ஊற்றும் மேல் திருகாணி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் ஒயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.