சின்னம் அவர்களுடையது, வாய் உங்களுடையது

கேள்வி: அக்கா, நாங்கள் டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். 12 வயது மகள் இரண்டு வருஷமாக ஒரு சியர் ஜிம்மில் பயிற்சி எடுக்கிறாள். போட்டிக்குப் போகும்போது பெற்றோர் எல்லாரும் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டால் அழகாக இருக்குமே என்று, ஜிம் லோகோவை அவர்கள் இணையதளத்திலிருந்து எடுத்து, கீழே பிள்ளைகள் பெயரைப் போட்டு, தெரிந்த கடையில் 24 சட்டை அடித்துக் கொடுத்தேன். அடக்க விலைதான், ஒரு டாலர்கூட மேலே வைக்கவில்லை. மறுவாரமே உரிமையாளரிடமிருந்து மெயில் வந்துவிட்டது. அனுமதி வாங்காமல் லோகோவைப் போட்டது விதிமீறலாம், இன்னொரு தடவை நடந்தால் மகளை அணியிலிருந்து எடுத்துவிடுவார்களாம். பாசத்தில் செய்ததற்கு இப்படியா?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்: மெயிலில் கொஞ்சம் இனிப்பு தடவியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஷயம் என்று பார்த்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சியர்லீடிங் என்றதும் நமக்கு 2008-ல் ஐபிஎல் தொடங்கியபோது எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடியவர்கள்தான் ஞாபகம் வருவார்கள். இது அது இல்லை. அமெரிக்காவில் 'ஆல் ஸ்டார் சியர்' என்பது எந்தப் பள்ளியையும் சேராத தனியார் ஜிம்கள் நடத்துவது. 54 அடிக்கு 42 அடி தளம், இரண்டரை நிமிஷத்துக்கு மிகாத ஆட்டம், அதற்குள் ஒரு பிள்ளையை மற்றவர்கள் தூக்கி நிறுத்துவதும் மேலே எறிந்து பிடிப்பதும் அடுக்கடுக்காகக் குட்டிக்கரணமும். யாருக்கும் கைதட்டி உற்சாகமூட்டும் வேலை இல்லை, இவர்களே போட்டியாளர்கள். கட்டடம் பெரும்பாலும் வாடகையாக இருக்கும், நல்ல கோச் நாளைக்கே பக்கத்து ஜிம்முக்குப் போகலாம். அப்படிப்பட்ட இடத்தில் உரிமையாளர் கையில் நிலையாக இருப்பது பெயரும் அந்த லோகோவும்தான், அதனால்தான் இந்தப் பதற்றம்.

'லாபம் வைக்கவில்லை' என்கிறீர்கள். வணிகச் சின்னச் சட்டம், அதாவது டிரேட்மார்க் சட்டம், முதலில் பார்ப்பது லாபத்தை அல்ல, பார்க்கிறவர் ஏமாறுவாரா என்பதை. ஒருவர் உங்கள் சட்டையைப் பார்த்தால் ஜிம்மே போட்டுக் கொடுத்தது என்றுதானே நினைப்பார்? சாயம் போனாலும் எழுத்துப் பிழை இருந்தாலும் கெடுவது அவர்கள் பெயர். உங்கள் பக்கத்து ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. டல்லாஸில் தொப்பியும் எம்ப்ளமும் செய்கிற ஒரு கம்பெனி, ஐஸ் ஹாக்கி அணிகளின் சின்னங்களை எம்ப்ராய்டரி பேட்ச்சாக அடித்து விற்றது. 'நாங்கள் விற்பது வெறும் துணித்துண்டு' என்கிற மாதிரி வாதம். டெக்சாஸ் மேல்முறையீடுகளைப் பார்க்கும் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் 1975-ல் அதை ஏற்கவில்லை. வாங்குகிறவன் நூலுக்காகவா காசு கொடுக்கிறான், சின்னத்துக்காகத்தானே?

சியர்லீடர்களே நேராகப் போன வழக்கும் உண்டு. ஃப்ரிஸ்கோவில் தலைமையகம் வைத்திருக்கும் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் சியர்லீடர்கள், தங்கள் உடையைப் போன்ற ஒன்றை ஒரு ஆபாசப் படத்தில் நடிகைக்கு மாட்டிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 1979-ல் நியூயார்க்கில் உள்ள இரண்டாவது வட்டார நீதிமன்றம் படத்துக்கு விதித்த தடையை உறுதி செய்தது. நீல மேல்சட்டை, நட்சத்திரம் பதித்த வெள்ளை வெயிஸ்ட்கோட், பெல்ட் எல்லாம் சேர்ந்த அந்தத் தோற்றமே சின்னம்தான் என்றது. லோகோவே இல்லாத வழக்கு அது என்பதைக் கவனியுங்கள்!

உங்கள் மேல் ஏன் இவ்வளவு கறார் என்றால், கண்டும் காணாமல் விடுவதும் அவர்களுக்கு ஆபத்து. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், தரத்தை நாங்கள் பார்க்க மாட்டோம் என்று வருஷக்கணக்கில் விட்டுவிட்டால், பின்னால் நிஜமாகவே ஒரு திருடன் வரும்போது 'இதுவரை எத்தனை பேரை விட்டீர்கள், இப்போது மட்டும் என்ன' என்று கேட்பான். உரிமையே கைநழுவிப் போகலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? நேரில் போய், 'தெரியாமல் நடந்துவிட்டது, இந்த சீசனுக்கு மட்டும் இந்தச் சட்டையைப் போட அனுமதி எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், இரண்டு வரி மெயிலாவது வாங்குங்கள். மறுத்தால், அடுத்த முறை லோகோ இல்லாமல் வெறும் நிறத்தில் 'சியர் அம்மா' என்று போட்டு அடியுங்கள், அதற்கு ஒருவரும் வரமாட்டார். 'என் மகள் இன்ன ஜிம்மில் படிக்கிறாள்' என்று ஃபேஸ்புக்கில் எழுதவும் அனுமதி வேண்டாம், பெயரைச் சொல்வது வேறு, அதை வைத்துப் பொருள் செய்வது வேறு. இருக்கிற சட்டையை வீட்டில் இரவு உடுத்திக்கொள்ளுங்கள், எந்தக் கோர்ட்டும் அங்கே வராது.

கேள்வி: நியூஜெர்சி சியர் ஜிம் ஒன்றின் கையேட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. 'ஜிம்மைப் பற்றி எங்கும் எதிர்மறையாக எழுத மாட்டேன், மீறினால் 500 டாலர் கட்டுவேன்' என்று ஒரு வரி. பொதுப் பெயரைக் காக்கவாம். போடலாமா அக்கா?
(ஒரு அப்பா)

பதில்: போடுங்கள், அந்த வரிக்கு மட்டும் பயப்படாதீர்கள். 2016 டிசம்பரில் கையெழுத்தான நுகர்வோர் விமர்சன நியாயச் சட்டம் என்று ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடித்து நீட்டும், பேரம் பேச இடமில்லாத ஒப்பந்தங்களில், நேர்மையான விமர்சனம் எழுதக் கூடாது என்றோ எழுதினால் அபராதம் என்றோ போட்டால் அந்த வரி செல்லாது. உங்கள் கையேடு அந்த வகைதான். ஆனால் பொய்யைப் பரப்பினால் அவதூறு வழக்கு வரும், அதிலிருந்து இந்தச் சட்டம் காப்பாற்றாது. 'கட்டணத்தை முன்பே சொல்லவில்லை' என்று எழுதலாம், 'கோச் திருடன்' என்று கையில் ஆதாரமில்லாமல் எழுதினால் நீங்கள் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

பிள்ளைகள் இணையத்தில் போடும் பதிவு விஷயம் வேறு. பென்சில்வேனியாவில் ஒன்பதாம் வகுப்பு முடித்த ஒரு பெண், சீனியர் அணியில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தையில் பள்ளியையும் சியர் அணியையும் திட்டிவிட்டாள். பள்ளி அவளை ஜூனியர் அணியிலிருந்து ஒரு வருஷம் நிறுத்தியது. 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-1 என்று அந்தப் பெண் பக்கம் நின்றது. இதைக் கேட்டு உங்கள் மகள் துள்ளிக் குதித்தால் அடுத்த வரியையும் சொல்லிவிடுங்கள். அது அரசுப் பள்ளி என்பதால் அரசியல் சட்டம் உள்ளே வந்தது. தனியார் ஜிம் 'சீருடை போட்டுக்கொண்டு அசிங்கமாகப் பதிவு போட்டால் அணியில் இடமில்லை' என்று கையேட்டில் எழுதியிருந்தால், பெரும்பாலும் அது செல்லும்.

இன்னொன்று. 'எங்கள் பெயர் கெடும், வெளியே சொல்லாதீர்கள்' என்று சொல்லும் இடத்தில் கேள்வி பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றியது என்றால், அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாதீர்கள். தொலைக்காட்சித் தொடர் மூலம் பிரபலமான ஒரு சியர்லீடர் சிறார்களிடம் செய்த குற்றங்களுக்காக 2022-ல் 12 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றான். உங்கள் நியூஜெர்சியிலும் சரி, டெக்சாஸிலும் சரி, குழந்தைக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் யாராயிருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்தக் கையேடும் அதை மாற்ற முடியாது.

கேள்வி: வட கரோலினாவில் நானும் ஒரு நண்பரும் சின்ன சியர் ஜிம் நடத்துகிறோம். லோகோவை நண்பரின் மகன் வரைந்து கொடுத்தான், 200 டாலர் கொடுத்தோம். யாராவது திருடுவதற்குள் பதிவு செய்துவிடலாம் என்று பார்க்கிறோம். அப்புறம், கோச்சுகள் சம்பளம் பற்றி வெளியே பேசக் கூடாது என்று எழுதி வைக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில்: முடியாது. 1935-ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பணியாளர்கள் சம்பளத்தையும் வேலை நிலைமையையும் தங்களுக்குள்ளும் வெளியிலும் பேசும் உரிமையைப் பாதுகாக்கிறது. அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

லோகோவுக்கு வருவோம். 200 டாலர் கொடுத்ததால் உங்களுடையது ஆகிவிட்டது என்று நினைக்கிறீர்கள் இல்லையா, அங்கேதான் பலர் விழுகிறார்கள். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக வரைந்தால் பதிப்புரிமை முதலாளிக்கு. வெளியாள் வரைந்தால், எழுத்தில் கைமாற்றாதவரை வரைந்தவனுக்கே. 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கு ஒன்று: வீடற்றோருக்கான ஒரு அமைப்பு சிற்பியிடம் சொல்லிச் செய்யவைத்த சிலை. அதைச் செய்தவர் ஊழியர் இல்லை என்றே தீர்ப்பு வந்தது. அதனால் அந்தப் பையனிடம் 'உரிமை முழுவதையும் ஜிம்முக்கு மாற்றுகிறேன்' என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். இப்போது அவன் உங்கள் வீட்டில் சாப்பிடுகிற பையன், நாளை கல்யாணமாகி, ஜிம்மும் நன்றாக ஓடி, பங்காளிச் சண்டையும் வந்தபின் கேட்டால் போடுவானா என்பது வேறு கதை. என் மைத்துனர் கடை போர்டு வரைந்தவரோடு இதே விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்! பையன் ரெடிமேட் படத்தை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றியிருந்தால், அதன் மேல் தனி உரிமை பெரும்பாலும் கிடைக்காது, புதிதாக வரையச் சொல்லுங்கள்.

வணிகச் சின்னப் பதிவுக்குப் போகும்முன் அதே மாதிரி பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று அமெரிக்க வணிகச் சின்ன அலுவலகத்தின் இணையத் தேடலில் பாருங்கள். சட்டத்தில் பொருள் வகைகள் எண்களில் இருக்கின்றன: பயிற்சிக்கு 41, உடைக்கு 25. 2025 ஜனவரி 18-லிருந்து அடிப்படைக் கட்டணம் ஒரு வகைக்கு 350 டாலர், இரண்டும் வேண்டுமானால் 700. ஐந்தாவது, ஆறாவது வருஷத்துக்கு நடுவில் இன்னும் பயன்படுத்துகிறோம் என்று ஒரு அறிவிப்பு, பிறகு பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. பலர் அந்த முதல் அறிவிப்பை மறந்துதான் இழக்கிறார்கள். வட்டத்துக்குள் ஆர் போடும் குறி பதிவு கிடைத்த பிறகுதான், அதுவரை டிஎம் போடுங்கள்.

கேள்வி: திருப்பூர் பக்கம் சின்ன யூனிட். அமெரிக்க பையர் ஒருவர் சியர் உடை ஒன்றை சாம்பிளாக அனுப்பி, இதே மாதிரி 600 பீஸ் வேண்டும் என்கிறார். வளைந்த கோடு, வி வடிவப் பட்டை, இவ்வளவுதான். கோட்டுக்குக்கூட சொந்தக்காரன் இருப்பானா?
(ஜாப் ஒர்க் செய்கிறவர்)

பதில்: இருக்கலாம். சியர் உடை விற்பதில் பெரிய கம்பெனியான வர்சிட்டி, ஸ்டார் அத்லெட்டிகா என்கிற புதுப் போட்டியாளர் மேல் ஐந்து டிசைன்களுக்காக வழக்குப் போட்டது. 2017 மார்ச் 22-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்று, அந்தப் பட்டைகளையும் வி வடிவங்களையும் துணியிலிருந்து பிரித்துத் தனிப் படமாக நினைத்துப் பார்க்க முடிந்தால் பதிப்புரிமை கிடைக்கும் என்றது. பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டிங்கும் உடையின் வடிவமும் யாருக்கும் சொந்தமில்லை, மேலே உள்ள ஓவியத்துக்குத்தான் சொந்தக்காரன். அதனால் பாவாடையை நீங்கள் தைக்கலாம், கோட்டை அப்படியே எடுக்க வேண்டாம். ஆர்டர் தாளிலேயே 'டிசைன் பையருடையது, பிரச்சினை வந்தால் பொறுப்பு அவருடையது' என்று போடச் சொல்லுங்கள். சாம்பிளில் ஏதாவது ஜிம்மின் பெயரோ லோகோவோ இருந்தால், அந்த ஜிம்மின் அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் ஒரு பீஸ்கூட வெட்டாதீர்கள். பதிவான சின்னத்தை அமெரிக்க சுங்கத்துறையிலும் பதிந்து வைக்கும் முறை இருக்கிறது, அப்படிப் பதிந்திருந்தால் சரக்கை அவர்களே பிடித்து வைக்கலாம், கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றபின் பையர் போனை எடுக்க மாட்டார்.