பாலும் இறாலும்: ஒன்றுக்கு அளவு, மற்றதற்கு விலக்கு

தக்கலைக்கு அருகிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது: "சிறு வயதிலிருந்தே பால் விட்ட சாயா குடித்து வளர்ந்தவள் நான். ஓர் ஆண்டாகக் காலையில் பால் குடித்தால் வயிறு ஊதி, இரைந்து, இரண்டு மணி நேரத்திற்குள் வயிற்றுப்போக்கு வந்துவிடுகிறது. எலும்புத் தேய்மானத்திற்காகக் காலையும் இரவும் ஒரு பெரிய டம்ளர் பால் குடிக்கச் சொல்லியிருப்பதால் நிறுத்தவும் பயமாக இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதத்திற்கு முன் இறால் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கியது. வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒரு மாத்திரையில் சரியாகிவிட்டது. இந்த வயதில் எல்லாமே அலர்ஜியாகிவிட்டதா? ஆட்டுப்பாலுக்கோ ஏ2 பாலுக்கோ மாறலாமா? மகனின் கல்யாணம் வருகிறது, விருந்தில் எதைத் தொடலாம்?"

இரண்டையும் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லில் கட்டியிருக்கிறீர்கள். முதலில் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். பால் விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் செரிமானக் குறைவு. இறால் விஷயத்தில் நடந்திருப்பது உடலின் எதிர்ப்பு மண்டலம் காட்டிய ஒவ்வாமை. முன்னது தொல்லை தரும், உயிரைத் தொடாது. பின்னது அடுத்த முறை எவ்வளவு கடுமையாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி அதை உடைத்தால்தான் உடல் அதை ஏற்கும். உடையாமல் பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும், நீரும் குடலுக்குள் இழுக்கப்படும், அதுவே உங்கள் ஊதலும் இரைச்சலும் போக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு இந்த நொதி குறைந்துகொண்டே போவதுதான் உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இயல்பு. வட ஐரோப்பியர்களிலும் வடமேற்கு இந்தியாவிலும் பலருக்கு அது வாழ்நாள் முழுவதும் குறையாமல் நிற்கிறது. தெற்கே வரவர அப்படிப்பட்டவர்கள் குறைவு. எனவே இதை ஒரு நோய் என்று சொல்லவே எனக்குத் தயக்கம்.

அப்படியானால் ஐம்பது ஆண்டுகளாக இல்லாதது இப்போது ஏன்? உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் உண்டு. ஒரு சாயாவில் விழும் பால் 50 மில்லி என்று வைத்தால் 2.5 கிராம்; இப்போது நீங்கள் குடிக்கும் 250 மில்லி டம்ளரில் 12 கிராமுக்கும் மேல், அதுவும் வெறும் வயிற்றில். நொதி குறைந்தவர்களிலும் பலர் 12 கிராம் வரை, குறிப்பாகச் சாப்பாட்டோடு சேர்த்தால், தாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் குடலின் எல்லை எப்போதுமே தாழ்வாக இருந்திருக்கலாம், நீங்கள் அதைத் தாண்டியது இப்போதுதான். மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் உண்டு. கடுமையான வயிற்றுப்போக்குக் கிருமித் தொற்றுக்குப் பிறகு நொதி தற்காலிகமாகக் குறைந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ மீள்வது உண்டு. மெட்ஃபார்மினும் வாயுவையும் போக்கையும் தரக்கூடிய மருந்துதான். பழி பாலின் மேல் விழுந்து, குற்றவாளி மாத்திரையாக இருப்பதைப் பலமுறை பார்க்கலாம். ஆனால் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டு வாரம் பாலை முழுமையாக நிறுத்துங்கள். சாயா வேண்டுமானால் பால் விடாத கட்டன். வேறு எதையும் அந்த இரண்டு வாரத்தில் மாற்றக் கூடாது, மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். தொல்லை அடங்கினால், முதலில் நன்றாகப் புளித்த தயிரும் மோரும், பிறகு சோற்றுக்குப் பின் 100 மில்லி பால் என்று ஏற்றி, வயிறு முறையிடும் அளவைக் கண்டுபிடியுங்கள். தயிரில் உறைகுத்திய நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றிருக்கும், மீதியைச் செரிக்கவும் உதவும். அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோரும், மோரில் வைக்கும் புளிசேரிக் குழம்பும் ஒன்றும் செய்வதில்லை. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். இரண்டு வாரம் நிறுத்தியும் மாற்றமே இல்லையென்றால் பாலை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும். இன்னும் உறுதி வேண்டுவோருக்கு, லாக்டோஸ் கரைசலைக் குடிக்கவைத்து மூச்சில் ஹைட்ரஜன் அளவு ஏறுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு.

ஆட்டுப்பாலிலும் ஏ2 பாலிலும் லாக்டோஸ் ஏறத்தாழ அதே அளவுதான். ஏ2 என்பது பாலின் புரதத்தில் உள்ள வேறுபாடு, சர்க்கரையில் உள்ளது அல்ல. அதிக விலை கொடுத்து வாங்கி அதே வயிற்றுவலியைப் பெற வேண்டாம்.

எலும்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குப் பால் ஒன்றே வழியல்ல: இரண்டு கிண்ணம் தயிர், கேழ்வரகு (100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம்), முருங்கைக்கீரை, எள், எல்லாவற்றையும் விட நம் குமரி மாவட்டத்தில் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் நெத்தோலியும் சாளையும். சிறு மீனை முள்ளோடு மென்று சாப்பிட்டால்தான் அந்தக் கணக்கு சேரும். போதாத குறைக்கு மாத்திரை இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மலம் கழிக்கும் வழக்கம் புதிதாக மாறினால், அதற்குப் பால்தான் காரணம் என்று தோன்றினாலும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரச் சோதனைக்குக் காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் மருத்துவரிடமோ உடனே செல்லுங்கள்.

இனி இறால். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்ற மேற்கண்ட ஆலோசனை இதற்குச் சிறிதும் பொருந்தாது. இறாலின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதத்தை உடல் பகையாக அடையாளம் கண்டுகொள்வது எந்த வயதிலும் நேரலாம். பெரியவர்களிடம் புதிதாகத் தோன்றும் உணவு ஒவ்வாமைகளில் இறால், நண்டு வகை முன்வரிசையில் நிற்கிறது, வந்தால் பெரும்பாலும் விட்டுப் போவதில்லை. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அந்தப் புரதம் அழியாது. நண்டிலும் சிங்கி இறாலிலும் இருப்பது ஏறக்குறைய அதே புரதம். சிப்பிக்கும் கணவாய்க்கும் உறவு சற்றுத் தூரம் என்றாலும், ஒவ்வாமை மருத்துவர் தோல் பரிசோதனை செய்து சொல்லும்வரை அவையும் வேண்டாம். மீனின் ஒவ்வாமைப் புரதம் வேறு என்பதால், இதுவரை ஒத்துக்கொண்ட அயிலையையும் சாளையையும் விட வேண்டியதில்லை. இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த மீன் மட்டும் கூடாது.

மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் எழுதியது பயனுள்ள தகவல். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரை, அயிலை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பெருகி, சாப்பிட்ட பலருக்கும் ஒரே நேரத்தில் முகம் சிவந்து அரிப்பு வருவதுண்டு. அது ஒவ்வாமை அல்ல, கெட்ட மீனின் வேலை. உங்களுடையது அந்த வகையாகத் தெரியவில்லை.

தெரியாமல் இறால் வயிற்றுக்குள் போய், மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு, குரல் மாற்றம், தலைசுற்றல் வந்தால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, மூச்சுத் திணறல் இல்லையென்றால் காலை உயர்த்திப் படுங்கள், திணறினால் உட்கார்ந்துகொள்ளுங்கள். எழுந்து நடக்க வேண்டாம். அந்த நேரத்தில் உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி மட்டுமே. அறிகுறி அடங்கிய பின்னும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம் என்பதால் மருத்துவமனையில் இருக்கச் சொன்னால் இருங்கள். ரத்த அழுத்தத்திற்கு அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவரானால் இந்த ஒவ்வாமையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவ்வகை மாத்திரைகள் அட்ரினலினின் வேலையைத் தடுக்கக்கூடும். நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்துளியில் 'ஐஜிஜி' என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துப் பட்டியல் தரும் பரிசோதனைகளுக்குப் பணம் செலவிட வேண்டாம். அவை காட்டுவது நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியவர் என்பதையே.

கல்யாண விருந்தில் தேங்காய்ப்பாலில் செய்யும் பிரதமனுக்குத் தடையில்லை. தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் கிடையாது. பசும்பாலில் சுண்டக் காய்ச்சிய பால் பாயசம் என்றால் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். கவனம் வேண்டியது மறுவீட்டு அசைவ விருந்தில்தான்: இறாலைக் கிண்டிய கரண்டி மீன் குழம்பிலும் விழும், உலர்ந்த இறால் சம்மந்தித் துவையலிலும் அரைபட்டிருக்கும். சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி உங்களுக்கு மட்டும் தனியாக எடுத்துவைக்கச் செய்யுங்கள். பிரதமனில் உள்ள வெல்லத்தின் கணக்கை மட்டும் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.