ஷாஷாங்க் சிறையில் ஆண்டி பொய்க் கணக்கு எழுதியது நியாயமா?

‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ (1994) படத்தில் கைதியான ஆண்டி, சிறைத் தலைவரான வார்டனின் லஞ்சப் பணத்தை மறைக்கப் பொய்க் கணக்கு எழுதியதும், கடைசியில் அந்தப் பணத்தோடு போனதும் நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு எழுதியதற்காக அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பணத்தை எடுத்துக்கொண்டதுதான் உறுத்துகிறது. அப்படி யோசிக்க வைத்தவர் என் அப்பா.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. முகப்பில் சாய்வு மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதியவர். அப்பாவும் அதே வழியில் ஒரு அரிசி ஆலைக்குக் கணக்கெழுதப் போனார். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கையில் வாங்கும் தொகை இன்னொன்று. தெரிந்தேதான் எழுதினார். அத்தை கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் இருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. மூன்று வருஷத்தில் அது கழிந்ததும் வேலையை விட்டுவிட்டார்.

அதனால் ஆண்டியின் நிலைமை எனக்குப் புரியும். செய்யாத கொலைக்கு இரட்டை ஆயுள் தண்டனை. வெளியே நேர்மையாக இருந்த வங்கிக்காரன், சிறைக்கு வந்த பிறகுதான் திருட்டுக் கணக்கு எழுதக் கற்றுக்கொள்கிறான். முடியாது என்று சொன்னால் நூலகம் போய்விடும், பாதுகாப்பும் போய்விடும். மறுக்க வழியில்லாதவன் எழுதும் கணக்குக்கு எழுத வைத்தவன்தான் பொறுப்பு.

அதிகாரத்தைப் பற்றி இந்தப் படம் சொல்வதில் என்னை அதிகம் பாதித்தது டாமி என்ற இளம் கைதியின் சாவு. உண்மையான கொலைகாரன் யார் என்று அந்தப் பையனுக்குத் தெரியும். அவன் சாட்சி சொன்னால் ஆண்டி வெளியே போய்விடலாம். நீதியில் கொஞ்சமாவது அக்கறை இருக்கிறவன் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பான். வார்டன் பயப்படுகிறான். ஆண்டியை இருட்டறையில் போட்டுவிட்டு, டாமியைச் சுட்டுக் கொல்ல வைக்கிறான். ஆண்டி குற்றவாளியா இல்லையா என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. கணக்கெழுதும் கை வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். கடவுளின் நியாயத்தீர்ப்பு சீக்கிரம் வரும் என்று பூவேலை செய்த துணியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதற்குப் பின்னால்தான் கணக்குப் புத்தகங்கள் இருக்கும் பெட்டகத்தை வைத்திருக்கிறான்.

சரி, பணத்துக்கு வருகிறேன். போன வருஷம் அப்பாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டே இந்தப் படத்தைப் பார்த்தேன். ஆண்டி தப்பித்து, வங்கி வங்கியாகப் போய் 3,70,000 டாலர் எடுக்கிற இடத்தில் எனக்கு எப்போதும் கை தட்டத் தோன்றும். அப்பா, “ஏப்பா, அந்தப் பணம் யாருது?” என்று கேட்டார்.

வார்டன் லஞ்சமாக வாங்கியது என்றேன். அது எப்படி வந்தது என்று விடாமல் கேட்டார். கைதிகளை வெளி வேலைக்கு அனுப்பி, ஆள் கணக்கிலும் சாமான் கணக்கிலும் கை வைத்தது. கூலியில்லாத இந்த ஆட்களோடு நீ போட்டிக்கு வராதே என்று கேட்டுக்கொண்ட ஒப்பந்தக்காரர்கள் கொடுத்தது என்று சொன்னேன்.

“அப்ப அது ரோட்டுல மண்ணு வெட்டுனவன் காசு. இவன் பேர்ல எப்படி வரவு வைக்கிறது?”

பத்தொன்பது வருஷம் உள்ளே கிடந்தானே அப்பா, அதற்கு ஈடு வேண்டாமா என்றேன். வேண்டும், ஆனால் அதைத் தர வேண்டியது தப்பாகத் தீர்ப்புச் சொன்ன அரசாங்கம், கூட இருந்த கைதிகள் இல்லை என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆண்டியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கணக்குப் புத்தகத்தைப் பத்திரிகைக்கு அனுப்பி வார்டனை அம்பலப்படுத்தியதும் அவன்தான். நண்பன் ரெட்டுக்கு மறக்காமல் பணம் வைத்துவிட்டுப் போகிறான். ஆனாலும் வெயிலில் வேலை செய்த மற்றவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை, படமும் அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. இத்தனை தடவை பார்த்த நானும் கேட்டதில்லை என்பது எனக்கு வலிக்கிறது.

படம் முடிந்த பிறகும் அப்பா தூங்கப் போகவில்லை. ஆலையில் மூட்டை தூக்கியவர்கள் பதினொரு பேர் என்று சொல்லி, ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். யாருக்கு வாரம் எவ்வளவு குறைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பத்துப் பெயர் வந்தது. பதினொன்றாவது பெயர் மறுநாள் காலையில் காபி குடிக்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.