அப்பள விளம்பரத்துக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்கிறேன். எட்டு மாதமாக என் நாத்தனார் மகன் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் ஓட்டித் தருகிறான். விளம்பரத்துக்கு மாதம் 20,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என் கிரெடிட் கார்டில் பிடிக்கிறார்கள். அவனுக்கு 5,000 தனியாகக் கொடுக்கிறேன். மாதம் 110 ஆர்டர் வரை வருகிறது, ஒன்று சராசரியாக 450 ரூபாய். கார்டு பாக்கி 1,60,000 ஆகிவிட்டது. கணவரின் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 8,000 கட்டி வருகிறேன். “அத்தை, பெட்ரோல் ஊத்தாம வண்டி ஓடுமா? பட்ஜெட்டை ரெண்டு மடங்காக்குங்க” என்கிறான். நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்துப் போடலாமா? கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணைத்துள்ளேன்.

பதில்: விளம்பரத்துக்காக வைக்க வேண்டாம் அம்மா. ஆனால் அதே சங்கிலியை வேறு ஒரு காரியத்துக்கு வைக்கச் சொல்லப் போகிறேன், அதனால் முழுவதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் சரக்கிலோ விலையிலோ குறை இல்லை. விளம்பரச் செலவைக் கார்டில் ஏற்றிவிட்டு, மாதாமாதம் ஒரு சிறு தொகையைக் கட்டி, கடனைக் கட்டிக்கொண்டிருப்பதாக எண்ணும் பழக்கம்தான் உங்களைக் கீழே இழுக்கிறது. உங்கள் கார்டு அறிக்கையில் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1,60,000 ரூபாய்க்கு அது 5,600. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 6,600. நீங்கள் கட்டும் 8,000 ரூபாயில் அசலுக்குப் போவது 1,400 ரூபாய்தான். அதே மாதத்தில் விளம்பரம் புதிதாக 23,600 ரூபாயை ஏற்றிவிடுகிறது. பாக்கி நிற்கும் கார்டில் புதிய செலவுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது, பிடித்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இனி ஆர்டர் கணக்குக்கு வருவோம். ‘இருபதாயிரம் போட்டு ஐம்பதாயிரம் எடுக்கிறோம், இரண்டரை மடங்கு’ என்று உங்கள் மருமகன் காட்டுவது விற்பனையைத்தானே தவிர, லாபத்தை அல்ல. 450 ரூபாயில் உளுந்து மாவு, எண்ணெய், தேய்க்க வரும் பெண்களின் கூலி எல்லாம் 250, டப்பாவும் கூரியரும் 80 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையில் மிஞ்சுவது 120. நூற்றுப்பத்து ஆர்டருக்கு 13,200 ரூபாய். விளம்பரம் 20,000, அதற்கு வரி 3,600, அவருக்கு 5,000 ஆகச் செலவு 28,600. மாதம் 15,400 ரூபாய் நஷ்டம், வட்டி தனி. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், அந்த 3,600 ரூபாயை உள்ளீட்டு வரியாக, அதாவது தொழிலுக்காக வாங்கியவற்றில் கட்டிய வரியாகக் காட்டித் திரும்பப் பெறவும் வழியில்லை. போட்ட செலவைப்போல் மூன்றே முக்கால் மடங்கு விற்பனை வந்தால்தான் உங்களுக்குக் கணக்கு நேராகும். இந்த நிலையில் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் நஷ்டமும் இரட்டிப்பாவதற்கே வாய்ப்பு அதிகம்.

நோட்டுப் பக்கத்தை இரண்டு முறை பார்த்தேன். இருபத்திரண்டு ஆர்டர், அவற்றில் ஒன்பதின் பக்கத்தில் பச்சை மையில் ‘மறுபடி’ என்று எழுதி, ஊரையும் குறித்திருக்கிறீர்கள்: சென்னையில் தாம்பரம், மும்பையில் மாட்டுங்கா, பெங்களூருவில் மல்லேஸ்வரம். இவர்கள் விளம்பரத்தைப் பார்த்து வரவில்லை, அப்பளத்தைப் பொரித்துத் தின்றுவிட்டுத் திரும்ப வந்தவர்கள். அந்தப் பக்கத்தை அளவாகக் கொண்டால் 110 ஆர்டரில் 45 இப்படிப்பட்டவை. விளம்பரம் கொண்டுவந்தவை 65 மட்டுமே. ஆக 28,600 ரூபாயை 65 பேருக்குப் பிரித்தால், ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க 440 ரூபாய் ஆகிறது. அவர் நாலு முறை வாங்கினால்தான் அந்தப் பணம் திரும்பும். கடன் வட்டியில் அத்தனை மாதம் காத்திருக்க முடியாது.

மருமகன் அனுப்பிய அறிக்கையில் ரீச் (எத்தனை பேர் கண்ணில் பட்டது) இருக்கிறது, லைக் இருக்கிறது, ஆர்டர் என்ற கட்டமே இல்லை. விளம்பரத்தின் நோக்கமாக ‘என்கேஜ்மென்ட்’ என்று வைத்து, லைக்கும் கமென்ட்டும் கேட்டிருக்கிறார். லைக் கேட்டால், லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடித்தான் அந்த நிறுவனம் காட்டும், வாங்குகிறவர்களைத் தேடாது. போதாக்குறைக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் காட்டியிருப்பதால், கூரியர் இல்லாமல் உங்கள் தெருவுக்கே வந்து வாங்கக்கூடிய அம்பாசமுத்திரத்து ஆட்களுக்கும் காசு கொடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். பிள்ளை உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை, தெரிந்ததைச் செய்திருக்கிறார். ஆனால் உறவு என்பதால் எட்டு மாதமாக அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இந்த வாரமே விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி, நிலுவைத் தொகை இருந்தால் அடைத்துவிட்டு, விளம்பரக் கணக்கிலிருந்து உங்கள் கார்டை நீக்குங்கள். ஃபேஸ்புக் பக்கத்தின் முழு உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, அவர் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். நாத்தனார் வருத்தப்படுவார் என்ற அச்சம் கடிதத்தில் தெரிகிறது. கார்டு பாக்கியைக் காரணமாகச் சொல்லுங்கள், அது உண்மைதான். பையனின் திறமையைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

பிறகு சங்கிலியை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து, வரும் பணம் முழுவதையும் கார்டில் கட்டி அதை அடைத்துவிடுங்கள். நகைக்கடன் வட்டி இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் முதலாண்டு வட்டி 16,000 ரூபாயைத் தாண்டாது, இப்போதைய கார்டு வட்டியோ ஆண்டுக்கு 79,000 ரூபாய். திரும்ப வரும் 45 ஆர்டரின் 5,400 ரூபாயையும் ஓய்வூதியத்தில் எடுக்கும் 8,000 ரூபாயையும் நகைக்கடனிலேயே கட்டி வந்தால், பதின்மூன்று மாதத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். செயலியில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் தொழில் கடன், ‘வளர்ச்சிப் பேக்கேஜ்’ விற்கும் ஏஜென்சி, இவற்றின் பக்கம் இந்தப் பதின்மூன்று மாதமும் போகவே வேண்டாம்.

அதுவரை பச்சை மைக்காரர்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு பார்சலிலும் உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், எண்ணைச் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும், ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், செலவு இல்லை.

கடன் தீர்ந்தபின் விளம்பரம் போட விரும்பினால், கார்டை மீண்டும் இணைக்காமல் யுபிஐ மூலம் முன்பணமாகப் போட்டு, நாளுக்கு 150 ரூபாயில், வாட்ஸ்அப்பில் செய்தி வரும் வகை விளம்பரமாக, சென்னை, பெங்களூரு, மும்பைக்கு மட்டும் காட்டுங்கள். ஒரு புது வாடிக்கையாளருக்கு 120 ரூபாய்க்குமேல் ஆனால் அன்றே நிறுத்துங்கள். கார்த்திகையில் வெயில் இல்லாமல் அப்பளம் காயாததால் பதினேழு பேருக்குப் பணத்தைத் திருப்பியதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஆர்டர்களுக்கும் விளம்பரக் காசு கொடுத்துத்தான் இருந்தீர்கள். ஐப்பசி பிறந்தால் விளம்பரத்தை நிறுத்தி, தை வெயில் வந்தபின் தொடங்குங்கள்.