13ஆம் தேதி சாயங்காலமே கிளம்புங்கள்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு நேரம்? (கூத்தாநல்லூர்)
சுமார் 3,000. நாலேகால் மணி நேரம்.

மகன் டிக்கெட்டில் போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால்தான். வரும் விமானம் அவ்வளவு வேகமா? (திருவாரூர்)
இரண்டும் நாலேகால்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. போகும்போது கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இதை எத்தனை முறைதான் எழுதுவது!

அமெரிக்காவுக்கு எத்தனை மணி நேரம்? (கும்பகோணம்)
எந்த ஊருக்கு? நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவிலேயே 4,000 கி.மீ. இருக்கிறது. ஊர் பெயரோடு எழுதுங்கள்.

சிங்கப்பூர் தூரம் ஓரிடத்தில் 1,600 மைல், இன்னோரிடத்தில் 1,850 மைல். எது சரி? (தஞ்சாவூர்)
முதலாவது கடல் மைல், இரண்டாவது சாதா மைல். கடல் மைல் 1.852 கி.மீ. இரண்டும் சரி.

அம்மாவுக்கு 14ஆம் தேதி 00:40க்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் விமானம். 14ஆம் தேதி மத்தியானச் சாப்பாடு முடித்து மன்னார்குடியிலிருந்து கிளம்பினால் சரியாக இருக்குமா?
சரியாகவா? அம்மா சாப்பிட உட்காரும்போது விமானம் கோலாலம்பூரில் இறங்கி எட்டு மணி நேரம் ஆகியிருக்கும்! 00:40 என்பது 13ஆம் தேதி ராத்திரி 12 அடித்து நாற்பது நிமிடம். நம் வீடுகளில் விடிந்தால்தான் மறுநாள். விமானத்துக்கு நடுராத்திரியே மறுநாள். முப்பது வருடம் டிக்கெட் போட்டவன் நான். திருச்சி விமான நிலைய வாசலில், முறுக்கு டின்னைத் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பேரன் காவலரிடம் டிக்கெட்டை நீட்டி வாதாடுகிறான், "இன்னிக்கு தேதிதானே சார்!" தேதி சரிதான், விமானம்தான் முந்தின ராத்திரியே போய்விட்டது. மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது ராத்திரி ஒன்பது நாற்பதுக்குள் அங்கே இருக்க வேண்டும். மன்னார்குடியிலிருந்து இரண்டரை மணி நேரம் வையுங்கள். தஞ்சாவூரில் டீ, வழியில் ஒரு ரயில்வே கேட் எல்லாம் சேர்த்து, 13ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கே வண்டி கிளம்பட்டும். டிக்கெட் போட்டுக் கொடுப்பவர்களும் "13 ராத்திரி" என்று பேனாவால் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். எழுதுவதில்லை.

லண்டன்–நியூயார்க் விமானம் நேராகப் போகாமல் வடக்கே ஏன் வளைகிறது? (மாணவர், மயிலாடுதுறை)
வளைவது வரைபடம்தான். உருண்டையில் நூல் பிடித்துப் பார், அதுதான் குறுக்கு வழி. சுமார் 5,500 கி.மீ. மேற்கே போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழுகூட ஆகாது. உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தள்ளிவிடும். மறுபடியும் சொல்கிறேன், டிக்கெட் மணியைக் கழித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

நாங்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி சிங்கப்பூர் போனவர்கள். இப்போது கப்பல் உண்டா?
இல்லை ஐயா. 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு சரி. அப்போது ஏறக்குறைய ஒரு வாரப் பயணம்; கடிகாரத்தைச் சாவகாசமாக மாற்றிக்கொள்ள முடிந்தது.