வீட்டில் இருந்தபடியே வார்த்தைப்பாடு

அன்புள்ள ஐயா,

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (கோயில் சமூகத்தில்) ஓர் ஆசிரியை இருக்கிறார். சாதாரணச் சேலைதான் கட்டுகிறார், அம்மாவோடு சொந்த வீட்டில் இருக்கிறார், சம்பளமும் அவர் கணக்கிலேயே விழுகிறது. ஆனால் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலில் வாழ்வேன் என்று கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவராம். மடத்தில் சேராமல் இது செல்லுமா? எனக்கு வயது 31, வங்கி வேலை. எனக்கும் அந்தப் பக்கம் மனம் போகிறது. வீட்டில், "கல்யாணத்துக்குப் பயந்து சாக்குச் சொல்றா" என்கிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகச் செல்லும். 1947 பிப்ரவரி 2 அன்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் (போப் பயஸ்) இந்த வாழ்க்கை முறைக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார். இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 710 முதல் 730 வரையுள்ள எண்கள் இவர்களுக்கானவை. மடத்தில் சேராமல் உலகில் இருந்தபடியே இப்படி வாழ்பவர்களின் அமைப்புக்கு செக்குலர் இன்ஸ்டிடியூட் என்று பெயர். இந்த வழக்கம் சட்டத்தைவிடப் பழையது. 1535இல் இத்தாலியின் பிரேஷா நகரில் புனித ஆஞ்சலா மெரிசி 28 பெண்களைச் சேர்த்தபோது, அவர்கள் மடம் கட்டவில்லை, அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள்.

வார்த்தைப்பாட்டுக்குப் பிறகும் உங்கள் ஆசிரியை பொதுநிலைப் பெண்தான், அதாவது துறவி அல்ல. எனவே அவரை 'சிஸ்டர்' என்று கூப்பிட வேண்டாம். பல அமைப்புகளில் உறுப்பினர்கள் இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. பங்கு முழுக்கத் தெரிந்திருப்பது அவருக்குச் சங்கடமாகவும் இருக்கலாம். நீங்களும் பரப்பாதீர்கள்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாழ்வு நிற்பதும் சரிவதும் அங்கேதான் என்பது என் கருத்து. மடத்துத் துறவியர் சம்பாதிப்பது சபைக்குச் சேரும், அவர்களின் பென்ஷனும் பொதுவாக அப்படித்தான். (அப்படியிருந்தும் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.) நீங்கள் சேர்ந்தால் சம்பளம், பி.எஃப்., வீடு எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஏழ்மை எங்கே வருகிறது? கணக்கில். விவரம் அமைப்புக்கு அமைப்பு மாறும். பொதுவாக ஒரு தாளில் வரவு, வாடகை, மளிகை, பேருந்து, அம்மாவின் மருந்து, தானம், அமைப்புக்கான பங்கு, சேமிப்பு என்று எழுதி அமைப்பின் பொறுப்பாளரிடம் காட்ட வேண்டும். தம்பி இரண்டு லட்சம் கடன் கேட்டால் உடனே தலையாட்ட முடியாது, பொறுப்பாளரிடம் பேசிவிட்டுத்தான். வேலை மாற்றம், வீடு வாங்குவது போன்றவையும் அப்படியே. கீழ்ப்படிதல் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். அந்தத் தாளை எழுதாமல் விட்டால் மிஞ்சுவது கல்யாணம் ஆகாத, கையில் காசுள்ள ஒரு பெண், அவ்வளவே. இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு அறுபது வயதில் வெறுங்கையோடு நிற்பவர்களும் உண்டு. மடம் போல முதுமையில் பார்த்துக்கொள்ளப் பல அமைப்புகளுக்கு வசதி கிடையாது. ஆகவே மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியச் சேமிப்பும் ஏழ்மைக்கு எதிரானவை அல்ல.

வீட்டாரின் சந்தேகத்துக்குக் காலமே பதில் சொல்லும். முதல் பயிற்சி குறைந்தது 2 ஆண்டு. அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு, அது குறைந்தது 5 ஆண்டு. பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. இன்றே தொடங்கினாலும் உங்களுக்கு 38 ஆகிவிடும். தற்காலிகக் காலம் முடிந்ததும் தாராளமாக விலகலாம். நித்தியத்துக்குப் பிறகு விலக, அமைப்பின் நிலையைப் பொறுத்துத் திருத்தந்தையின் ஆட்சிப்பீடமோ ஆயரோ (பிஷப்) அனுமதி தர வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 'இவதான் தனியா இருக்காளே' என்று பெற்றோர் பராமரிப்பு மொத்தமும் உங்கள் தலையில் விழும். ஆண்டுத் தியானத்துக்குப் போகும் நாட்களில் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று அண்ணன் தம்பிகளிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். திருப்பலி, காலை மாலை செபம், மாதக் கூட்டம் எல்லாம் வங்கியின் மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் அடிபடும். அதற்காகப் பதறாதீர்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

கன்னியர் அர்ப்பணம் என்று, ஒரு பெண் தனியாகவே தன்னை அர்ப்பணிக்கும் வேறொரு முறையும் உண்டு, அதே தொகுப்பில் சட்டம் 604. அதில் மறைமாவட்ட ஆயரே சடங்கை நடத்துவார், சபையும் தலைவியும் தேவையில்லை. உங்களுக்குக் கூட வழிநடக்க ஆட்கள் வேண்டும் என்று கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. ஆகவே முதலில் சொன்ன செக்குலர் இன்ஸ்டிடியூட்டே பொருந்தும்.

சேருமுன் அமைப்பின் விதிநூலையும் ஒப்புதல் ஆணையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மறைமாவட்ட அலுவலகத்திலும் விசாரியுங்கள். தற்காலிக வார்த்தைப்பாட்டுக்கு முன்பே சொத்துப் பத்திரத்தைப் பற்றி யாராவது பேசினால், அங்கே இரண்டாம் முறை போக வேண்டாம்.